முதலிடத்தில் கிஷான்

“சேர், இந்தக் கிஷான் எண்ட புள்ள எந்தப் பக்கம்?”

பாடசாலை வாசலில் குடையை மடக்கிக்கொண்டே பஸ்லினா கேட்டார். சுவக்கின் மாஸ்டர் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நின்றார்.

“எந்தக் கிஷான்?”

“தெரியாத மாதிரி கேக்குறீங்களே! உங்கட ஏணியில மொதலாவதா நிக்கிறானே, அவன்தான். எங்கட இப்ஹாம் தலைகீழா நிண்டாலும் அவனத் தாண்ட ஏலாம இருக்கு. எந்த டியூசனுக்குப் போறான் எண்டு மட்டும் செல்லுங்க சேர், அதுவே காணும்.”

அதே குடைக்குள்ளிருந்து கத்தரீனாவும் தலையை நீட்டினார். “எங்க ரொனிகிட்ட தெனமும் சொல்றேன் சேர். கிஷானும் உன்னை மாதிரி சோறுதானே சாப்பிடுறான், அவனுக்கு மட்டும் எப்படி ஏறுதுன்னு.”

“பாத்துச் சொல்றேன்” என்று சொல்லிவிட்டு சுவக்கின் நழுவினார். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. அவருடைய ஐந்தாம் வகுப்பில் கிஷான் என்று ஒரு பிள்ளை கிடையாது. நாலாம் வகுப்பிலும் இல்லை. அந்தப் பாடசாலையிலேயே இல்லை.

ஏணி என்பது சுவக்கின் செய்த வலைச் செயலி. செய்தார் என்று சொன்னால் சிரிப்பார்கள், ஏனென்றால் சுவக்கினுக்குத் தன் ஃபோனின் மணிச் சத்தத்தை மாற்றவே மனைவி ஷிரோமி வேண்டும். ஆனால் காலம் மாறிவிட்டது. வேண்டியதைத் தமிழில் எழுதினால் தானே கட்டித் தருகிற இயந்திரம் ஒன்று வந்திருந்தது. அரிசி கழுவத் தெரியாதவனும் சோறு கேட்கலாம் என்ற நிலைமை.

கேட்க வேண்டிய கட்டாயமும் அவருக்கு இருந்தது. போன வருடம் புலமைப்பரிசில் பரீட்சையில் அவருடைய வகுப்பு படுத்துவிட்டது. அடுத்த வருடம் ஐந்தாம் வகுப்பை ஓர் இளம் டீச்சருக்குக் கொடுத்துவிட்டு, சுவக்கினை நூலகத்தில் உட்கார வைக்கப் போகிறார்கள் என்று ஆசிரியர் அறையில் பேச்சு அடிபட்டது. சுவக்கினுக்கு ஐந்தாம் வகுப்புத்தான் உயிர். பின்னம் என்றால் பேயைக் கண்டதுபோல விழிக்கிற பிள்ளைகளின் முகத்தில் ஒருநாள் வெளிச்சம் வருமே, அதற்காகவே அவர் கட்டுகஸ்தோட்டைப் பாலத்து நெரிசலில் தினமும் பஸ்ஸில் நசுங்கி வந்தார்.

ஆகவே இயந்திரத்திடம் எழுதினார். மரியாதை தெரிந்த மனிதர் என்பதால், “தம்பி, சாப்பிட்டீங்களா?” என்று தொடங்கினார். இயந்திரம், தனக்கு உணவு தேவையில்லை என்றும் ஆனால் அக்கறைக்கு நன்றி என்றும் பாடப்புத்தகத் தமிழில் பதில் சொன்னது. அன்று மாலையே ஏணி தயாராகிவிட்டது. தினமும் பத்துக் கணக்கு. சரியாகப் போட்டால் புள்ளி. யார் யார் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்பதைக் காட்ட ஒரு பட்டியல். பிள்ளைகள் வீட்டில் பெற்றோரின் ஃபோனிலும், பாடசாலைக் கணினி அறையில் உயிரோடிருந்த ஒரே கணினியிலும் ஏறினார்கள்.

முதல் வாரம் இப்ஹாம் முதலிடம். கத்தரீனா வீட்டில் ரொனிக்கு அடிமட்டத்தால் அடி விழுந்தது. இரண்டாம் வாரம் ரொனி முதலிடம். பஸ்லினா வீட்டில் இப்ஹாமின் கிரிக்கெட் மட்டை அலுமாரிக்கு மேலே போனது. இரண்டு அம்மாமாரும் வாசலில் கண்டால் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள். மூன்றாம் வாரம்தான், அதுவரை பட்டியலின் அடியில் யார் கண்ணிலும் படாமல் கிடந்த கிஷான், மளமளவென்று ஏறி உச்சியில் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு அவனை யாராலும் இறக்க முடியவில்லை. இரண்டு அம்மாமாரும் ஒரே குடைக்குள் வந்ததும் அதற்குப் பிறகுதான்.

சுவக்கினுக்கு அன்று முழுக்கப் பாடம் நடத்த மனம் ஓடவில்லை. யாருடைய பிள்ளை? எந்த ஊர்? இவ்வளவு கெட்டிக்காரன் ஏன் இந்தச் சின்னப் பாடசாலையின் ஏணியில் வந்து ஏற வேண்டும்?

மாலையில் வாசலில் பிடித்துக்கொண்ட பஸ்லினாவிடம், வாயில் வந்ததைச் சொன்னார். “வேற ஸ்கூல் புள்ளையா இருக்கும். லிங்க் எப்படியோ அங்க போயிருக்கு.”

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மறுநாளே கிஷான் கண்டி டவுனில் பெரிய பாடசாலை ஒன்றில் படிப்பவன் ஆகிவிட்டான். அதற்கு அடுத்த நாள் அவனுடைய அப்பா டொக்டர் ஆகிவிட்டார். கம்பளையில் ஒரு கல்யாண வீட்டில் அந்தப் பிள்ளையைத் தன் கண்ணாலேயே பார்த்ததாகவும், கண்ணாடி போட்ட வெள்ளைப் பிள்ளை என்றும், கத்தரீனாவின் நாத்தனார் சத்தியம் செய்தார்.

“வெளிப் புள்ளைகள் வந்து எங்கட புள்ளைகள்ட எடத்தப் புடிக்கிறது நல்லா இல்லையே சேர்” என்றார் பஸ்லினா. “பூட்டுப் போடுங்க.”

நியாயமாகத்தான் பட்டது. சுவக்கின் இயந்திரத்திடம் எழுதினார்: “தம்பி, சுகமா? எங்க வகுப்புப் பிள்ளைகள் மட்டும் உள்ளே வர வேண்டும். பிறந்த திகதியைக் கேட்டுப் பார்த்து விடுங்க.” கூடவே வகுப்புப் பிள்ளைகளின் பிறந்த திகதிகளையும் அனுப்பினார்.

“நிச்சயமாக!” என்றது இயந்திரம்.

அடுத்த நாள் காலையில் பாடசாலை வாசலே சந்தைபோல் இருந்தது. பாதிப் பிள்ளைகளுக்கு மேல் ஏணிக்குள் போக முடியவில்லை. சொந்தப் பிறந்த நாளைச் சரியாக அடித்தும், அப்படி ஒரு நாளே இல்லை என்று ஏணி சாதித்தது. ஒரு பிள்ளை, தான் பிறக்கவே இல்லையோ என்று அழுதுகொண்டு நின்றது. சுவக்கின் மண்டையை உடைத்து யோசித்துக் கடைசியில் கண்டுபிடித்தார். நாளுக்கு முன்னால் மாதத்தை எழுதுகிற வெளிநாட்டு வழக்கத்தை இயந்திரம் பிடித்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டாம் திகதிக்குப் பிறகு பிறந்தவர்களுக்கெல்லாம் அது பதின்மூன்றாம் மாதம் தேடி, இல்லை என்று கதவைச் சாத்திவிட்டது.

“கிஷான்?” என்று இடைவேளைக்குப் பிறகு பயந்து பயந்து கேட்டார்.

“அவன் உள்ளதான் இருக்கான் சேர்” என்றான் ரொனி. “பத்துக்குப் பத்து.”

வகுப்பே வெளியே நிற்க, வெளிப் பிள்ளை என்று சொல்லப்பட்டவன் மட்டும் உள்ளே இருந்தான். திகதியைத் திருத்த இரண்டு நாள் போனது. பூட்டுத்தான் சரிவரவில்லை, கணக்கிலேயே பொறி வைக்கலாம் என்று சுவக்கினுக்குத் தோன்றியது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எதுவானாலும் தடுக்கி விழ வேண்டிய கணக்காக வைத்தால், கிஷான் உண்மையில் பிள்ளைதானா, இல்லை பின்னால் யாராவது பெரிய ஆள் இருக்கிறாரா என்று தெரிந்துவிடும்.

“தம்பி, கணக்குகளைக் கொஞ்சம் கடினமாக்குங்க.”

இயந்திரத்துக்குக் கொஞ்சம் என்றால் என்னவென்று தெரியாது. ஒரு தொட்டியில் இரண்டு குழாய் தண்ணீர் நிரப்ப, ஓர் ஓட்டை அதை ஒழுக விட, நடுவில் ஒருவர் வாளியால் அள்ளிக்கொண்டு போனார். பிள்ளைகள் அம்மாமாரைக் கேட்டார்கள், அம்மாமார் அப்பாமாரைக் கேட்டார்கள். பஸ்லினாவின் கணவர் ஜவாஹிர் தண்ணீர்த் தொட்டியே விற்கிற ஹார்ட்வெயார்க்காரர். அவர் கடையில் வந்த ஆட்களைக் காக்க வைத்துவிட்டுக் கணக்குப் போட்டு, தன் கடைத் தொட்டி எதுவும் ஒழுகாது என்று முடிவாக அறிவித்தார்.

கிஷான் பத்துக்குப் பத்து.

அவன் புகழ் அதோடு பாலத்தைத் தாண்டிவிட்டது. அந்த வாரக் கடைசியில், பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு போஸ்டர் பளபளத்தது. டியூசன் மாஸ்டர் பஹ்மி கோட் சூட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில், முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி. கீழே கொட்டை எழுத்தில்: “ஏணியில் முதலிடம் கிஷான்! எமது வகுப்பின் தயாரிப்பு!”

சுவக்கினுக்கு ரத்தம் தலைக்கேறியது. நேராக பஹ்மியின் வகுப்புக்குப் போனார். கதிரை போதாமல் பிள்ளைகள் படியிலும் உட்கார்ந்திருந்தார்கள்.

“வாங்க வாங்க சேர். உங்கட ஏணியால எங்களுக்கும் நல்ல பேர்” என்றார் பஹ்மி.

“அந்தப் பையனை நான் ஒருக்கா பாக்கணும்.”

“இண்டைக்கி வரல்ல.”

“வீடாவது எங்கேன்னு சொல்லுங்க.”

பஹ்மி குரலைத் தாழ்த்தினார். “செல்ல ஏலா சேர். கண்ணூறு பட்டுரும் எண்டு வீட்டாக்கள் பயப்படுறாங்க. நீங்களும் ஒரு மாஸ்டர், வெளங்கும்தானே?”

சுவக்கினுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் கிஷான் எங்கேயோ இருக்கிறான் என்பது மட்டும் உறுதியாகிவிட்டது. தன் வகுப்பை விட்டுவிட்டு வேறொருவரின் பெயரைத் தூக்கி நிறுத்துகிற அந்தப் பிள்ளையின் மேல் கோபமும் வந்தது, ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையும் வந்தது. ஆசைதான் அதிகம்.

திங்கட்கிழமை பாடசாலை அதிபர் சித்தி றலியா அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் பிளேன்டீயும் பிஸ்கட்டும் இருந்தன. அதிபர் பிஸ்கட் வைத்தால் அதற்குப் பின்னால் ஏதோ வருகிறது என்று அர்த்தம்.

“சேர், வலயக் கல்விப் பணிப்பாளர் புதன்கிழமை வாறார். ஏணியப் பாக்கணுமாம். இன்டர்வல் முடிஞ்ச கையோட சின்னதா ஒரு கூட்டம் வெச்சிருக்கேன். மொதலிடத்துப் புள்ளைக்குக் குடுக்க ஜவாஹிர் ஒரு சைக்கிள் தாறதாச் சொல்லியிருக்கார்.”

சுவக்கின் கடித்த பிஸ்கட்டைத் திரும்பத் தட்டில் வைத்தார். “மொதலிடத்துப் பிள்ளைக்கா மெடம்?”

“ஓம், கிஷானுக்குத்தான். வேற ஸ்கூலா இருந்தா என்ன, நம்மட ஏணி. புள்ளையக் கூட்டிட்டு வந்துருங்க.” அதிபர் கண்ணாடியைக் கழற்றினார். “ஒளிச்சுப் பேச விருப்பமில்ல சேர். அடுத்த வருசம் அஞ்சாம் வகுப்ப மாத்துறதத்தான் நான் யோசிச்சுக்கொண்டு இருந்தேன். பணிப்பாளர் நல்லா இருக்கு எண்டு ஒரு வார்த்த சொல்லிட்டா, வகுப்பு உங்களுக்குத்தான். ஆனா கூட்டம் பொய்யாப் போனா என்ட கையில ஒண்டும் இல்ல.”

பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள். சுவக்கினுக்கு இந்தப் புதன் கிடைக்காமலே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை பாடசாலை விட்டதும் அந்தோனியார் கோயிலுக்குப் போனார். காணாமல் போன பொருளைக் கண்டுபிடித்துக் கொடுப்பதில் அந்தோனியாரை மிஞ்ச ஆளில்லை. ஷிரோமியின் தோட்டையே ஒருமுறை கோழிக்கூட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தவர். சுவக்கின் ஒரு மெழுகுதிரியை ஏற்றி, கிஷானைக் கண்ணில் காட்டும்படி மன்றாடினார். நாலு பேர் தள்ளி கத்தரீனாவும் முழங்காலில் இருந்தார். அவரும் கிஷானுக்காகத்தான் வந்திருந்தார், அவன் கொஞ்சம் சறுக்க வேண்டும் என்று கேட்க. அந்தோனியார் இந்த இரண்டையும் கேட்டுக்கொண்டு சும்மா நின்றார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஷிரோமியிடம் கொட்டினார். தேங்காய் துருவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்த ஷிரோமி, துருவல் பலகையிலிருந்து நிமிர்ந்தார்.

“என்னங்க, ஊரெல்லாம் கேட்டிருக்கீங்க, கோயிலுக்கும் போயிருக்கீங்க. செஞ்ச ஆள்கிட்ட கேட்டீங்களா?”

“யாருகிட்ட?”

“உங்க தம்பிகிட்ட.”

சுவக்கின் தலையில் அடித்துக்கொண்டு லேப்டொப்பைத் திறந்தார். அன்று சாப்பாட்டை விசாரிக்கக்கூட மறந்துவிட்டார். “தம்பி, கிஷான் யார்?”

பதில் உடனே வந்தது.

“கிஷான் ஒரு மாதிரி மாணவர். பட்டியல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குக் காட்டுவதற்காக அந்தப் பெயரை நானே உருவாக்கி வைத்தேன். உண்மையில் அப்படி ஒருவர் இல்லை. அவரை நீக்கிவிடவா என்று முதல் நாளே கேட்டேன். ‘பரவாயில்லை தம்பி, நீங்கள் ஆசையாக வைத்தது, இருக்கட்டும்’ என்று சொன்னீர்கள்.”

சுவக்கினுக்கு இப்போதுதான் நினைவு வந்தது. அந்தக் கேள்வி அவருக்கு அன்றைக்கு விளங்கவில்லை. விளங்காவிட்டாலும், வீடு தேடி வந்தவர் வைத்ததை எடுத்துக்கொண்டு போகச் சொல்லும் பழக்கம் அவர் குடும்பத்திலேயே கிடையாது.

“ஷிரோமி! கிஷான்னு ஒருத்தனே இல்லையாம்!”

“அப்ப அந்த டியூசன் மாஸ்டர் யாருக்குப் படிப்பிச்சாரு?”

இருவரும் சிரித்தார்கள். கம்பளைக் கல்யாண வீட்டில் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்ற வெள்ளைப் பிள்ளையை நினைத்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் சுவக்கினுக்கு நாளைய மேடை ஞாபகம் வந்தது. இல்லாத பிள்ளைக்குப் பதிலாக மேடையேறி யார் சைக்கிளை வாங்குவது? பணிப்பாளருக்கு முன்னால், ஊருக்கு முன்னால், இத்தனை நாளும் ஒரு வெறும் பெயரைக் காட்டி ஏமாற்றிய மனிதராகத்தான் நிற்கப் போகிறார். வகுப்பு போகும். அதைவிட, பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்?

ஷிரோமி மறுபடியும் தேங்காயை எடுத்தார். எடுத்தவர் அப்படியே நிறுத்தினார்.

“சரி, ஆள் இல்லைன்னே வச்சுக்குவோம். அப்ப கணக்கு யாரு போடுறா?”

சுவக்கின் அதையும் கேட்டார். இயந்திரம் சொன்னது: “நான் கொடுத்தது சிறிதளவு தொடக்கப் புள்ளிகள் மட்டுமே. மற்றவை யாரோ கணக்குப் போட்டுப் பெற்றவை. மாதிரிப் பெயர் என்பதால் அதற்குப் பூட்டு இல்லை. பெயரைத் தொட்டாலே உள்ளே போகலாம். பாடசாலை நாட்களில், காலை இடைவேளை நேரத்தில் யாரோ வருகிறார்.”

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. இல்லாத பிள்ளைக்குள் இருக்கிற பிள்ளை யார் என்று யோசித்து யோசித்து சுவக்கினுக்கு இடியப்பம் இறங்கவில்லை.

புதன்கிழமை பாடசாலை முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். சைக்கிளுக்குச் சிவப்பு ரிப்பன் கட்டி ஜவாஹிர் காவலுக்கு நின்றார். பஹ்மி போஸ்டரில் போட்டிருந்த அதே கோட்டோடு முன்வரிசையில் இருந்தார். கிஷான் வராமல் போனால் பெற்றோர் சார்பில் தானே சைக்கிளைப் பெற்றுக்கொள்வதாக அவர் அதிபரிடம் சொல்லியிருந்தார். பணிப்பாளரின் வாகனம் கேற்றுக்குள் நுழைந்தபோது இடைவேளை மணி அடித்தது.

சுவக்கின் கூட்டத்துக்குப் போகவில்லை. கணினி அறைக்குப் போனார்.

கதவு ஒருச்சாய்த்துக் கிடந்தது. உள்ளே, உயிரோடிருந்த அந்த ஒரே கணினிக்கு முன்னால், கால் நிலத்தில் எட்டாமல் அம்னா உட்கார்ந்திருந்தாள். கேட்டால் மட்டும் வாய் திறக்கிற பிள்ளை. பட்டியலில் எப்போதும் நடுவில் எங்கேயோ நிற்பாள். திரையின் மேலே பெயர் பளிச்சென்று இருந்தது: கிஷான்.

“அம்னா! நீயா புள்ள?”

அவள் திடுக்கிட்டாலும் எழும்பவில்லை. “இன்னும் ரெண்டு கணக்கு இருக்கு சேர்.”

சுவக்கின் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவள் ஒழுகுகிற தொட்டிக் கணக்கை விரல் நுனியில் போட்டாள். எத்தனை வருடம் தொண்டை கிழியச் சொல்லிக் கொடுத்திருப்பார், இப்படி ஒரு பிள்ளை போட்டு அவர் பார்த்ததில்லை. சந்தோஷத்தில் எதற்கு வந்தோம் என்பதே ஒரு நிமிடம் மறந்துபோனது.

“இவ்வளவு தெரிஞ்ச பிள்ளை, உன் பேர்ல போட்டிருந்தா நீதானே மொதலாவது?”

“அதுக்குத்தான் சேர் என்ட பேர்ல போடல்ல.”

“ஏன்?”

“இப்ஹாம் மொதலா வந்தா ரொனிக்கு வீட்டில அடி. ரொனி வந்தா இப்ஹாமுக்கு வெளையாட ஏலா. நான் வந்தா ரெண்டு பேருக்கும் அடி.” அவள் அடுத்த விடையை அடித்தாள். “கிஷான் வந்தா ஆருக்கும் அடி இல்ல சேர். எல்லாரும் தோத்த ஆக்கள்தானே. இப்ஹாம்ட உம்மாவும் ரொனிட அம்மாவும் எல்லாரும் சேர்ந்து அவனுக்குத்தான் ஏசுவாங்க. அவனுக்கு நோகாது.”

தான் கட்டிய ஏணியால் எந்தெந்த வீட்டில் யாருக்கு அடி விழுந்தது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. இந்தச் சின்ன உருவத்தை அப்படியே தூக்கிக் கொண்டாட வேண்டும்போலவும் இருந்தது.

வெளியே ஒலிபெருக்கி கரகரத்தது. அதிபரின் குரல்: “ஏணியின் முதலிடம் பெற்ற மாணவன் கிஷான் மேடைக்கு வரவும்!” கைதட்டல். பிறகு ஒரு நீண்ட அமைதி. முன்வரிசையில் பஹ்மி கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழும்புவது ஜன்னலால் தெரிந்தது.

சுவக்கின் எழும்பினார். வகுப்பு போனால் போகட்டும் என்று முடிவு செய்துவிட்டார்.

“வா புள்ள. நீதான் கிஷான்னு எல்லாருக்கும் முன்னால நான் சொல்றேன். யாரும் யாருக்கும் அடிக்கக் கூடாதுன்னும் சொல்றேன். சைக்கிள் உனக்குத்தான்.”

அம்னா கடைசிக் கணக்கை முடித்தாள். பத்துக்குப் பத்து. கதிரையிலிருந்து குதித்து இறங்கி, சட்டையைத் தட்டிவிட்டு, அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“சைக்கிள் ஒண்டு போதாது சேர். நான் புதன்கிழமை கிஷான் மட்டுந்தான், மத்த நாள் கிஷான்மாரெல்லாம் கதவுக்கு வெளியில நிக்கிறாங்க.”